மடியில் ஒரு ட்ரே

கதவை அப்படி அறைந்து சாத்த வேண்டியதில்லைங்க தம்பி. உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் போதும், தானாகக் கவ்விக்கொள்ளும். கேட்டீங்களா? அவ்வளவுதான் சத்தம். தப்பாக நினைக்க வேண்டாம். போன வாரம் ஒருத்தர் வந்தார். அவர் சாத்திய சாத்தில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. வண்டி கொடுக்கிறதாக இல்லைங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வெயிலில் நிற்க வேண்டாம், இப்படி வாங்க. அம்மிணி, நீங்களும் வாங்க. அந்தச் சேர் ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்க. டீ வைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. சொம்பில் மோர் இருக்கிறது, பக்கத்து வீட்டில் கொடுத்தது. குடிங்க.

எனக்கு ரொம்பப் பேசிப் பழக்கமில்லை. கடை கடையாகப் போனவன்தான், ஆனால் கடையில் பேசுகிறது எல்லாம் என் வீட்டுக்காரி. நான் வண்டியை ஓட்டுவேன், முட்டையை எண்ணுவேன். ஆனாலும் ஒரு வண்டியைக் கை மாற்றும்போது அதைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். வாங்குகிறவர் பிற்பாடு நம்மை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது பாருங்க.

முன்னாலிருந்து பார்த்தால் இது கார்தான். இதே மூஞ்சி, இதே விளக்கு, இதே ஸ்டியரிங். கம்பெனியிலேயே இரண்டு மாதிரி விடுகிறான். ஆள் உட்காரப் பின்னால் சீட்டும் கண்ணாடியும் வைத்தது ஒன்று. சீட் எதுவும் இல்லாமல், சன்னல் இருக்கிற இடத்தில் தகரத்தை அடைத்து, சரக்கு ஏற்ற விட்டது ஒன்று. இது சரக்கு. மஞ்சள் போர்டு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. இதைப் பலபேர் புரிந்துகொள்வதில்லை. "என்னுங்க சென்னியப்பண்ணா, காரு வாங்கிட்டீங்களாட்டம் இருக்குது, கல்யாணத்துக்கு எங்களையும் ஏத்திக்கிட்டுப் போறது" என்பார்கள். இது கார் இல்லைங்க, கார் மாதிரி என்பேன்.

என் வீட்டுக்காரிக்கும் முதலில் புரியவில்லை. பாவாயி என்று பெயர். அதற்கு முன்னால் மொபெட்டில் கட்டித்தான் கடைகளுக்கு முட்டை போட்டுக்கொண்டிருந்தேன். வண்டி வந்த அன்று ஆலத்தி கரைத்து எடுத்துக்கொண்டு வந்தவள், தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து பார்த்தாள்.

"ஏனுங்க, சீட்டு எங்கீங்க?"

"சீட் இல்லை."

"சன்னலு?"

"அதுவும் இல்லை."

ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முன்கதவைத் திறந்து இடது பக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். புடவையை ஒழுங்கு பண்ணிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "செரி போச்சாது. முன்னாடி பாதி எனக்குக் காரு. பின்னாடி பாதி உங்களுக்கு லாரி."

அன்றிலிருந்து அந்தச் சீட் அவளுடையது. அதில் வேறு யாரும் உட்கார்ந்தது கிடையாது. உறை கூட அவள் தைத்ததுதான். நீங்க கழற்றிப் பாருங்க, அடியில் கம்பெனி சீட் புதுசாக இருக்கும்.

வேலை எப்படி என்றால், எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் விடியற்காலம் லோடு ஏற்றுவோம். அங்கிருந்து பவித்திரம், தா.பேட்டை லைன். வழியில் இருக்கிற பலசரக்குக் கடை, புரோட்டாக் கடை எல்லாம் நம் கடை. முட்டை லோடில் ஒரு நுணுக்கம் இருக்கிறது தம்பி. முப்பது முட்டை ட்ரேயை அடுக்கினால் இடுக்கே இருக்கக்கூடாது. இடுக்கு இருந்தால் ஆடும். ஆடினால் கீறல் விடும். அதனால் தகரத்துக்குத் தகரம் இறுக்கி அடைத்துவிடுவேன். ஒரு விரல் நுழையாது. அப்படி அடைத்த பிறகு ஒரு ட்ரே வெளியே நிற்கும். அது மாற்று முட்டை. கடையில் இறக்கும்போது ஏதாவது கீறியிருந்தால் அதை எடுத்துவிட்டு இதிலிருந்து நல்லது ஒன்று வைப்போம். என் கடைக்காரர் யாருக்கும் முப்பதுக்கு ஒன்று குறைந்தது கிடையாது.

அந்த மாற்று ட்ரே பாவாயி மடியில் இருக்கும். வேறு இடம் இல்லை. மடி என்றால் குலுக்கமும் இல்லை. பொழுதோடு வீடு திரும்பும்போது அதில் மீந்தது அவளுக்கு. என் ஓட்டத்தில் கீறல் ஏது? அநேகமாக முழு ட்ரேயாகவே திரும்பும். "இன்னைக்கும் ஒன்னும் ஒடையலீங்க, எம்பட பங்கு அப்படியே இருக்குது" என்று சிரிப்பாள். பேரப் பிள்ளைகள் வந்தால் அவித்துக் கொடுப்பாள்.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது, பழனிக்கு இந்த வண்டியில் போகணும் என்று. நான் கூட்டிப் போகவில்லை. காரணம் இருக்கிறது. நீங்களும் தெரிந்துகொள்ளுங்க, இது வண்டியின் குணம். சரக்கு வண்டி என்பதால் பின்னால் ஸ்பிரிங் பட்டை கெட்டியாகப் போட்டிருப்பான். லோடு இருந்தால் தொட்டில் மாதிரி போகும். காலியாகப் போனால் குதிக்கும். சின்னக் கல்லுக்குக் கூடக் குதிக்கும். "காலியாப் போனா உனக்கு இடுப்பு வலிக்கும் பாவாயி" என்றேன்.

"அப்ப நாலு மூட்டை மண்ணை ஏத்திக்கிட்டாச்சும் போலாமுங்க."

"மண்ணைச் சுமந்துக்கிட்டுப் பெட்ரோல் எரிக்கறதா?"

"உங்க முட்டை போன சென்மத்துல புண்ணியம் பண்ணிருக்குது. எனக்குத்தான் கொடுத்து வெக்கல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு அதிகம்.

நான் ஏன் இதெல்லாம் சொல்கிறேன் என்றால், வெளியே உங்ககிட்ட வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். அந்த டீக்கடையில் வழி கேட்டுத்தானே வந்தீங்க? சொல்லியிருப்பார்கள். ஊர் வாய். நடந்தது நடந்தபடி என்கிட்டக் கேட்டுக்கொள்ளுங்க.

போன ஆடியில். லோடு ஏற்றும்போதே "வலது கை மரத்துப் போனாப்பல இருக்குதுங்க" என்றாள். ஒரு ட்ரேயை நழுவவிடப் பார்த்தாள். நான் தாவிப் பிடித்துவிட்டேன். தூக்கித் தூக்கிக் கை சோர்ந்திருக்கும் என்று நினைத்தேன். "இடது கையில் பிடி" என்றேன். பிடித்தாள். மாற்று ட்ரேயை மடியில் வாங்கிக்கொண்டாள். புறப்பட்டோம்.

வழியில் அவள் பேசவில்லை. நான் எப்போதும் பேசாதவன் பாருங்க, அதனால் வண்டிக்குள் சத்தமில்லை என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. முதல் சில கடையில் இறங்காமலே உட்கார்ந்திருந்தாள். அசதி என்று நானே இறக்கிக் கொடுத்தேன். தா.பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் மாரப்பன் கடை. அங்கே அவள் கட்டாயம் இறங்குவாள், அவர் சம்சாரமும் இவளும் ஒரே ஊர். அன்று இறங்கவில்லை. சுற்றி வந்து அவள் பக்கக் கதவைத் திறந்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எச்சில் ஒழுகி ட்ரேயில் முதல் வரிசை நனைந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். பேச்சாக வரவில்லை.

மாரப்பனிடம் ஒரு சோடா கேட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"யோவ், சோடா என்னத்துக்குய்யா? வாயைப் பாரு, வாதம் அடிச்சிருக்குது. முட்டையைக் கீழ தள்ளிட்டுப் பறய்யா, பற! இல்லாட்டி நூத்தெட்டுக்கு அடிக்கட்டுமா?"

அவர் நல்ல மனுசன். ஆனால் வண்டி ஓட்டத் தெரியாது. நூற்றெட்டு எப்போது வந்து சேருமோ, கையில் வண்டி இருக்கிறது. முட்டையை இறக்கினால் நேரம் ஆகும். சரி, நேரத்தை விடுங்க. இறக்கிவிட்டால் வண்டி காலி. காலியானால் குதிக்கும் என்று இப்போதுதான் சொன்னேன். தலையில் ரத்தக் குழாய் அடைத்த ஆளைக் குதிக்கிற வண்டியில் கொண்டுபோகலாமா? நீங்களே சொல்லுங்க. மாரப்பனுக்குச் சேர வேண்டிய இரண்டு ட்ரேயை மட்டும் எடுத்துத் திண்டில் வைத்தேன். அவர் கேட்கவில்லை, நான்தான் வைத்தேன். வந்த இடம், நிறுத்தியும் ஆகிவிட்டது.

நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினேன். அந்த ரோட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை, எந்தத் தடைக்கு வெள்ளை அடிக்கவில்லை, எந்தப் பாலத்தில் தார் பெயர்ந்திருக்கிறது, எல்லாம் தெரியும். ஒன்றில் கூட அவள் தலை ஆடவில்லை தம்பி. அப்படிக் கொண்டுபோனேன். தடை வருவதற்கு முன்னாலேயே காலை எடுத்துவிடுவேன், ஊர்ந்து ஏறி, ஊர்ந்து இறங்குவேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். ஒரு லாரிக்காரன் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, "ஏனுங்க பெருசு, முட்டையை ஓட்டிக்கிட்டுப் போறீங்களா, அடை காக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எப்போதும் கேட்கிறதுதான். எப்போதும் பாவாயி பதில் சொல்லுவாள், "குஞ்சு பொரிச்சதும் உனக்கொன்னு தர்றேன் போ சாமி" என்று. அன்று நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கை செத்துக் கிடந்தது. இடது கையால் தலைக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நல்ல கெட்டியாய். நரம்பெல்லாம் தெரிந்தது. எனக்கு ஒரு தைரியம் வந்தது, கையில் இவ்வளவு தெம்பு இருக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று.

பவித்திரம் தாண்டித்தான் அது நடந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கும், அவளுக்குச் சுயபுத்தி இல்லாமல் போய்விட்டது என்று ஊருக்குச் சொல்வதா? கைப்பிடியை விட்டுவிட்டு, மடியில் இருந்த ட்ரேயிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். என் முகத்துக்கு நேராக நீட்டினாள். எனக்கு எடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்து, வேண்டாம் பாவாயி, உள்ளே வை என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே நசுக்கினாள். மஞ்சள் ஒழுகி டேஷ்போர்டில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதையும் நசுக்கினாள். முட்டையை உள்ளங்கையில் முழுதாக வைத்து அழுத்தினால் லேசில் உடையாது, தெரியுமில்லையா? அவள் உடைத்தாள். மூன்றாவதும்.

மூளைக்கு ரத்தம் போகாவிட்டால் கை தன்போக்கில் எதையாவது செய்யும். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நானாக யோசித்தது. ஏன் என்றால், அந்தக் கையில் முட்டையை அவள் தன் நினைவோடு உடைத்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கடைக்காரர் யாராவது முட்டையைத் தட்டென்று வைத்தால் கூடக் கடிந்துகொள்வாள்.

வண்டியை ஓரம் கட்டினேன். டேஷ்போர்டு துவாரத்துக்குள் முட்டை இறங்கிவிட்டால் நாற்றம் போகாது. அப்புறம் எந்தக் காலத்திலும் போகாது. துணியை எடுத்துத் துடைத்தேன். அவள் கையைத் துடைத்தேன். மடியிலிருந்து ட்ரேயை எடுத்துப் பின்னால், மாரப்பனுக்கு இறக்கின இடம் காலியாக இருந்ததே, அங்கே வைத்தேன். அதிக நேரம் ஆகவில்லை. துடைக்கிறபோது ஒரு மாதிரி சத்தம் போட்டாள். அடங்கு பாவாயி, ஆயிற்று, இதோ வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே துடைத்தேன். இப்போது போய் மூக்கை வைத்துப் பாருங்க. கொஞ்சமாவது வாடை வருகிறதா?

ஓட்டத்தில் ஒரு முட்டை உடையவில்லை தம்பி. அந்த மூன்றும் கையில் உடைந்தது, அது ஓட்டத்தில் சேராது.

ஆஸ்பத்திரியில் ஓடி வந்து வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. "எப்ப ஆரம்பிச்சதுங்க ஐயா, தோராயமாச் சொல்லுங்க" என்று கேட்டார். எனக்குத் தோராயம் வராது. லோடு ஏற்றும்போது கை மரத்தது எப்போது, மாரப்பன் கடையில் வாய் கோணியதைப் பார்த்தது எப்போது, அங்கிருந்து இங்கே எவ்வளவு நேரம், எல்லாம் சொன்னேன். லைனில் எந்தக் கடைக்கு எப்போது வருவேன் என்பதை வைத்துக் கடைக்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள். அப்படிப்பட்டவன் தப்பாகச் சொல்வேனா?

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அடைப்பைக் கரைக்கற மருந்து ஒன்னு இருக்குதுங்க. அதுக்கு ஒரு நேரம் இருக்குது. அது தாண்டிப்போச்சு. தா.பேட்டையில இருந்து இவ்வளவு நேரமா வந்தீங்க?" என்றார்.

என் மகள் அங்கே முன்பே வந்து நின்றாள். சுகந்தி. கரூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாரப்பன் போன் போட்டுச் சொல்லி, அவள் கரூரிலிருந்து புறப்பட்டு, எனக்கு முந்தி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றிருக்கிறாள். அதை ஒரு பெரிய விசயமாகச் சொல்கிறாள். அவள் வந்தது பைபாஸ் ரோடு, மாப்பிள்ளை கார். அது கார். இது சரக்கு. இரண்டும் ஒன்றா?

நான் சொன்ன நேரத்தையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தெரியலைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. உள்ளதைச் சொன்னதற்கு இந்தப் பலன். நேராக வெளியே போனாள். வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தாள். அடுக்கினபடி அப்படியே இருந்தது முட்டை. திரும்பி வந்து சொன்னாள்:

"அம்மா என்னமோ சொல்லும், முன்னாடி பாதி எனக்குக் காருன்னு. முன்னாடி பாதியிலயும் உங்களுக்கு லோடுதானுங்கப்பா இருந்துச்சு."

பெற்ற பிள்ளை.   பாவாயியைத் தலை ஆடாமல் கொண்டுவந்தேன் என்று சொன்னால் இவளுக்குப் புரியுமா? அந்த லோடு அன்றைக்கு விற்காமல் நின்றது. வெயிலில் நின்று கெட்டுப்போனது. மீந்திருந்த லோடு முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தேன். அதை யாரும் பேசுவதில்லை.

இப்போது பாவாயி கரூரில் இருக்கிறாள். வலது பக்கம் வரவில்லை. பேச்சும் வரவில்லை. "ஆ" என்று ஒரு சத்தம் வரும், எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அங்கே மாடி வீடு, படி ஏற முடியாது, ஒரு அறையிலேயே கிடக்கிறாள். இங்கே என்றால் வாசலில் உட்கார வைக்கலாம், அக்கம்பக்கம் வந்து பேசும். நான் பார்த்துக்கொள்வேன். எனக்கு வேறு என்ன வேலை? சோறாக்கப் பழகிக்கொள்ளலாம்.

தை நோம்பிக்கு ஒருமுறை கூட்டி வந்தாள் சுகந்தி. கார் உள்ளே நுழைந்தது, பாவாயி இந்தக் கொட்டகையைப் பார்த்தாள், வண்டி நிற்கிறது. பார்த்ததும் அழுதாளே ஒரு அழுகை! உடம்பெல்லாம் உதறி, அந்த "ஆ"வைச் சொல்லிச் சொல்லி அழுதாள். காரை விட்டு இறங்கவே இல்லை. இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள். வண்டி மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை, தம்பி. அதில் ஏறி உட்கார முடியாமல் போயிற்றே என்று. நான் சுகந்தியிடம் சொன்னேன், இரு, வண்டியை எடுக்கிறேன், ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டலாம், மனசு ஆறும் என்று. சாவியை எடுக்க உள்ளே போனேன். வெளியே வருவதற்குள் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். பொங்கல் அடுப்பிலேயே இருந்தது.

ராத்திரி போன் பண்ணினாள். "அந்த வண்டி அங்க நிக்கற மட்டும் அம்மா அங்க வராது. வண்டி போகட்டும், அம்மாவைக் கொண்டாந்து உடறேன். இதுல மாத்தமில்லைங்கப்பா" என்றாள். அதற்கப்புறம் போனில் ஒரே கேள்விதான். "வித்தாச்சுங்களா?" இல்லை என்றால் வைத்துவிடுவாள். பாவாயி காதில் போனை வைக்கச் சொன்னால் வைப்பதில்லை.

அதனால்தான் விற்கிறேன். இல்லாவிட்டால் இதை விற்க எனக்கு வேறு முடை இல்லை. முதலில் ஒருத்தர் தண்ணீர்க் கேன் போட என்று வந்தார். கேன்காரன் தூக்கி எறிவான், தளம் பள்ளம் விழுந்துவிடும். இன்னொருத்தர் ஆடு ஏற்றுவேன் என்றார். ஆடு! பாவாயி துடைத்து வைத்த வண்டியில். மூன்றாவது ஆள்தான் கதவை அறைந்தவர். ஊரில், இந்த ஆள் விற்கமாட்டான், சும்மா ஆட்களை வரவழைக்கிறான் என்கிறார்கள். நல்ல கையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டாமா?

நீங்க சரியான ஆள். இட்லி மாவு பாக்கெட் என்றீங்களே, அது நல்ல சரக்கு. உடையாது, உருளாது. அம்மிணிதான் கூட வந்து கடைகளில் எண்ணிப் போடுவாங்க என்றீங்க. அதைக் கேட்டதும் எனக்கு முடிவாகிவிட்டது. புருசன் பெண்டாட்டி இரண்டு பேர் போகிற வண்டி இது. நீங்க சொன்ன விலை சரி. பேரம் பேசுகிற ஆள் நான் இல்லை. ஆர்சி, எஃப்சி எல்லாம் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தாங்க சாவி. எலுமிச்சம்பழம் நாலு வாங்கி வைத்திருக்கிறேன், சக்கரத்துக்கு வைத்து எடுத்துக்கொள்ளலாம். இன்று ராத்திரி சுகந்தி கூப்பிட்டால், ஆச்சு சாமி, அம்மாவைக் கூட்டி வா என்று சொல்லிவிடுவேன். கட்டில் கூட வெளி அறைக்கு மாற்றிவிட்டேன். பார்த்தீங்களா, அங்கே?

ஏறி உட்காருங்க அம்மிணி, உட்கார்ந்து பாருங்க. கூச்சப்பட வேண்டாம். இனி அது உங்க சீட். காலை நீட்டலாம், தாராளமாக இருக்கும்.

என்ன அம்மிணி?

எது?

கையோடு வந்துவிட்டதா? கைப்பிடியா? கொடுங்க இப்படி. இல்லை, உங்க மேல் தப்பில்லை, பயப்படாதீங்க. நீங்க லேசாகத்தான் பிடித்தீங்க, நான் பார்த்தேன். இறங்குங்க, நான் பார்க்கிறேன்.

இது எப்படி எனக்குத் தெரியாமல்? இந்த வண்டியில் நான் தொடாத திருகாணி கிடையாது. மாசம் ஒருமுறை ஒவ்வொன்றாக முறுக்குவேன். இந்தப் பக்கம் அவள்தான் துடைப்பாள், நான் ஏறினதில்லை, அதனால் விட்டுப்போயிருக்கும். இருங்க, ஏறிப் பார்க்கிறேன். தம்பி, கொஞ்சம் கை கொடுங்க.

பாருங்க, திருகாணி கழன்று வரவில்லை. மரையோடு பிய்ந்திருக்கிறது. தகரமே கிழிந்து கீழே வளைந்திருக்கிறது. இதைப் பிய்ப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும்? ஆம்பிளை தொங்கினால் கூட வராதே. இப்படிப் பிடித்து, இப்படி இழுத்து... ஒரு தடவை இழுத்ததில் இப்படி ஆகாது தம்பி. இழுத்து, இழுத்து, வழி நெடுக இழுத்திருந்தால்தான்.

இங்கே உட்கார்ந்தால் வேறு மாதிரி இருக்கிறது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. ரோடு கிட்டத்தில் தெரியும் போல. ஸ்பீடு காட்டுகிற முள் இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. அவளுக்கு எழுத்துப் படிக்க வராது. நம்பர் தெரியும். கடையில் எண்ணுகிறவளுக்கு நம்பர் தெரியாதா?

இல்லை. இறங்கிவிடுகிறேன். பிடிங்க.

தம்பி, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சாவியை இப்படிக் கொடுங்க. வண்டி உங்களுக்குத்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் இப்படியே எப்படிக் கொடுப்பது? குறையோடு ஒரு பொருளைக் கை மாற்றினவன் இல்லை நான். முப்பதுக்கு ஒன்று குறைந்தது கிடையாது என்று சொன்னேனே. பரவாயில்லை, நீங்களே மாட்டிக்கொள்வீங்க, தெரிகிறது. அது என் மனசுக்கு ஆகாது. இதற்குத் தகரம் வைத்து ஒட்டி, மரை போட்டு, அதே மாதிரி கைப்பிடி தேட வேண்டும். பழைய மாடல், லேசில் கிடைக்காது. கிடைத்ததும் சொல்லி அனுப்புகிறேன். பட்டறைக்காரனிடம் விட்டால் துளையைப் பெரிதாக்கிவிடுவான், நானேதான் செய்ய வேண்டும்.

அட்வான்ஸ் வேண்டாம். எடுத்து வைங்க. எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போங்க அம்மிணி, வீணாகப் போகும். சாறு பிழிந்து குடிங்க, வெயிலுக்கு நல்லது.

சுகந்தி கேட்டால் கைப்பிடி ஒன்று பிய்ந்திருக்கிறது, சரி பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். அவள் வைத்துவிடுவாள். வைக்கட்டும்.

பைக்கில்தானே வந்தீங்க? அந்த முக்கில் ஒரு வேகத்தடை இருக்கிறது, வெள்ளை அடிக்கவில்லை, கிட்டப் போனால்தான் தெரியும். பின்னால் அம்மிணி உட்கார்ந்திருக்காங்க. பார்த்து, மெதுவாகப் போங்க. என்ன அவசரம்.